டச்பாருக்கு லைன் கிளியர்

அரசாங்கத்தின் தண்டவாளம் மட்டக்களப்பு ஸ்டேசனோடு முடிந்துவிடும். எங்களுடையது முடியாது. எங்கள் கோச்சி வாவிக்கு மேலால் பாலம் கடந்து, டச்பாரில் நின்று, காத்தான்குடி வரைக்கும் வரும். காத்தான்குடி ஸ்டேசன் என்னுடையது. மேடையும் பச்சைக் கூரையும் வைத்து, வாசலில் ஒரு புடைவைக் கடையும் கட்டி, 'கச்சி முகம்மது டெக்ஸ்டைல்ஸ்' என்று என் கையாலேயே பலகை எழுதினேன். பிரதான வீதியில் இருக்கிற என்னுடைய அசல் கடையை விட அது வடிவு.

இதை விளையாட்டுச் சாமான் என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. என் மனைவி ஸைனம்பு மட்டும் விதிவிலக்கு. அவளோடு பேசாமல் இருந்தால் சோறு கிடைக்காது.

நாங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு மேசையில் சின்னத் தண்டவாளம் போட்டவர்கள். வந்தாறுமூலை நல்லரத்தினம் மாஸ்டர், கோச்சி ஓடிய காலத்திலும் சண்டையால் ஓடாத காலத்திலும் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் அவருடைய மேசை. டச்பார் ஹேர்பர்ட், பறங்கி, தச்சு வேலைக்காரன், என் கூட்டாளி. வாவியும் பாலமும் டச்பாரும் அவனுடைய மேசை. பழைய அலுமாரிக் கண்ணாடியைப் படுக்க வைத்து வாவி செய்தான். பிஸ்கட் தகரத்தை வெட்டிப் பாலம் செய்தான். மூன்றாவது மேசை என்னுடையது. வருசம் முழுக்க அவரவர் வீட்டில் தட்டிக் கொட்டிவிட்டு, யேசு பிறந்த நத்தாருக்கு ஹேர்பர்ட் வீட்டில் மூன்றையும் பொருத்துவோம். அன்றைக்கு மட்டும் சிவப்பு எஞ்சின். பெட்டிகளின் மேல் பஞ்சில் பனி, கடைசிப் பெட்டியின் கூரையில் நத்தார் பாப்பா.

"கூரையில போறவர் டிக்கட் எடுத்தவரா?" என்று மாஸ்டர் ஒவ்வொரு வருசமும் கேட்பார். ஹேர்பர்டின் மனைவி எவ்லின் கேக் தட்டை நீட்டி அவர் வாயை அடைப்பாள். எனக்கென்று பிரண்டி போடாத கேக் தனியாக இருக்கும்.

மாஸ்டர் இருக்கிற இடத்தில் சட்டமும் இருக்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ஸ்டேசனுக்கும் அடுத்த ஸ்டேசனுக்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் போகலாம். பாதை காலி என்றால் 'லைன் கிளியர்' என்பார்கள். அதற்கு அத்தாட்சி டேப்லட் என்கிற பித்தளை வில்லை. அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் எஞ்சினை அசைக்க மாட்டான். எங்கள் மேசைக்கும் அதே சட்டம்தான். ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரே ஒரு வில்லையை ஹேர்பர்ட் கடைந்து தந்திருந்தான். மேலதிகமாக ஒன்று செய்து வைப்போம் என்று நான் சொன்னபோது மாஸ்டர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரெண்டு டேப்லட் இருந்தா ரெண்டு கோச்சி முட்டும், முதலாளி."

2004 நத்தார் பின்னேரம், மட்டக்களப்பில் மாஸ்டர் வில்லையைக் கொடுத்தார், ஹேர்பர்ட் வாங்கினான், சிவப்பு எஞ்சின் பாலத்தில் ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஹேர்பர்ட் வில்லையைச் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டான்.

"கோச்சி பாலத்திலயே நிக்கட்டும் மச்சான். நாளைக்கு வாங்க, உங்கட ஊர்ல கொண்டுவந்து விடுறன்" என்றான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எவ்லின் டவுனுக்குப் பூசைக்குப் போனாள். ஹேர்பர்ட் போகவில்லை. பாலத்தில் கோச்சியை விட்டுவிட்டு அவன் எப்படிப் போவான்? கடல் வந்தது. காத்தான்குடிக்கும் வந்தது. நாங்களும் ஜனாஸாக்களைச் சுமந்தோம். டச்பாரில் வீடுகள் இருந்த இடத்தில் மணல் இருந்தது. மூன்று மேசையும் போயின. ஹேர்பர்டைத் தேடாத இடமில்லை. கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதபடியால் எவ்லின் அவனுக்காகப் பூசை வைக்க விடவில்லை. "அவர் செத்தவர் எண்டு சொல்ல நீங்க ஆர்?" என்று ஃபாதரையே கேட்டாள். வீடிழந்தவர்களுக்குத் திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு, நத்தாருக்கு நத்தார் அவனுக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்தாள். தையல் மெசினில் இருந்து உழைத்தாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுச் சண்டைகளைத் தீர்த்து வைத்தாள். ஆனால் அந்தக் கோப்பையை எடுக்கவில்லை. அதைக் காண எனக்குத் தாங்காது. கடவுளே, இந்தப் பெண் அழுதாவது தொலைக்கட்டுமே என்று நினைப்பேன்.

சண்டை முடிந்த வருசம், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னர், என் கடை வாசலில் வந்து நின்றாள். எங்கள் ஊரார் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, நான் பாலம் செய்திற்றன். வாவியும் செய்திற்றன். நீங்களும் மாஸ்டரும் உங்கட மேசையளச் செய்துகொண்டு வாங்க. இந்த நத்தாருக்குக் கோச்சி டச்பாருக்கு வந்து சேரோணும்."

"எஞ்சின்?"

"அது உங்கட வேல. ஆர் இஞ்ச முதலாளி?"

டுபாயில் இருக்கும் மருமகனுக்கு அன்றைக்கே ஃபோன் எடுத்தேன். சிவப்பு எஞ்சின் அனுப்பு, கறுப்பு வந்தால் பெண் வீட்டுப் பக்கம் வராதே என்றேன். சிவப்பு வந்தது.

நத்தார் அன்று வான் வண்டியில் மேசையை ஏற்றிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் ட்ரான்ஸ்ஃபோமரையும் வயர்களையும் கண்ட ஆமிக்காரன் துவக்கை இறுக்கிப் பிடித்தான். நான் பதறவில்லை. மண்மூட்டைக்கு மேல் இரண்டு முழம் தண்டவாளத்தைப் போட்டு, வான் பற்றரியில் எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, கூட்டாளிகளைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் ஓட்டச் சொன்னான்.

எவ்லினின் முன்அறையில் மூன்று மேசையும் பொருந்தின. திராய்மடுப் பிள்ளைகள் ஜன்னல் முழுக்கத் தொங்கினார்கள். வாவிக்கு எவ்லினும் கண்ணாடிதான் போட்டிருந்தாள். பாலம் கொஞ்சம் கோணல். ஹேர்பர்ட் கண்டிருந்தால் சிரித்திருப்பான். அதற்கு அங்கால் டச்பார். கடல் கொண்டுபோன வீடுகளை எல்லாம் நெருப்புப்பெட்டியில் செய்து, நிறம் பூசி, இருந்த வரிசையிலேயே வைத்திருந்தாள். சுவரோரம் சாப்பாட்டு மேசையில் ஹேர்பர்டின் கோப்பை கவிழ்த்தபடி இருந்தது.

எவ்லின் தைத்த புது நத்தார் பாப்பா கடைசிப் பெட்டியின் கூரையில் இருக்க, சிவப்பு எஞ்சின் வாழைச்சேனையில் புறப்பட்டு, ஏறாவூர் தாண்டி, மட்டக்களப்பில் வந்து நின்றது. மாஸ்டர் வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். கையை அசைக்கவில்லை.

"விடுங்க மாஸ்டர்" என்றேன்.

"டேப்லட் இல்ல, முதலாளி."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மாஸ்டருக்குப் பகிடி வருவது நத்தார் பாப்பாவின் டிக்கட்டில் மட்டும்தான்.

"அது ஹேர்பர்ட்ட கையில குடுத்த. திரும்பி வரல்ல."

சட்டைப் பையில் இருந்த ஒரு சில்லறைக் குத்தியை எடுத்து அவர் முன்னால் போட்டேன். "இந்தாங்க டேப்லட். ரெண்டு ரூவா. விடுங்க."

"அந்தப் பாதையில ஒரு கோச்சி நிக்குது. அது இன்னும் வந்து சேரல்ல. ரெண்டாவத நான் எப்பிடி விடுற?"

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையையே புரட்டியிருப்பேன். "உங்கட மண்டைக்குள்ள என்ன, சிலிப்பர்க் கட்டையா? பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குதுகள். இந்தப் பொம்பிள இவ்வளவு வருசமா..."

எவ்லின் கேக் தட்டோடு நின்றிருந்தாள். "காக்கா, சத்தம் போடாதங்க. மாஸ்டர், டேப்லட் துலைஞ்சா கோச்சி ஓடவே ஏலாதா?"

"ஓடலாம். அதுக்கும் சட்டம் இருக்கு." மாஸ்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "முதல்ல ஒராள் பாதையக் கண்ணால பாத்து, அதில ஒண்டும் நிக்கல்ல எண்டு சொல்லோணும். மறுகா அந்த ஆளே டேப்லட். கையில சிவப்புப் பட்டி கட்டிக்கொண்டு கோச்சியோடயே போகோணும். அவர் இல்லாம அது அசையாது."

"ஆர் பாக்கிற?"

"டச்பார் ஸ்டேசனுக்குப் பொறுப்பான ஆள்."

எவ்லின் தட்டைக் கீழே வைத்தாள். பாலத்தடிக்கு வந்து குனிந்து பார்த்தாள். தகரமும் தண்டவாளமும் கண்ணாடிக்குள் அவளுடைய முகமும்தான் அங்கே இருந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாலத்தில கோச்சி நிக்குதா, தங்கச்சி?"

"இல்ல."

"ஆராவது நிக்கிறாங்களா?"

அவள் விரலால் தண்டவாளத்தை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் தடவினாள்.

"இல்ல, மாஸ்டர். ஆரும் இல்ல."

என் கண்ணால் நீர் ஓடியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"முதலாளி, சிவப்புத் துணி" என்றார் மாஸ்டர். துணிக்கு என்னிடமா பஞ்சம்? மேசைக்கு விரிக்க நான் கொண்டுவந்த புதுச் சிவப்புத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரே இழுவையில் நேராகக் கிழித்தேன். மாஸ்டர் எழுந்து நின்று அதை எவ்லினின் கையில் கட்டினார். பிறகு உட்கார்ந்து கையை அசைத்தார்.

எவ்லின் எஞ்சினின் கூரையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மேசையோரமாக நடந்தாள். பாலத்தின் கோணலில் பெட்டிகள் ஆடின, விழவில்லை. வாவியைக் கடந்து, நெருப்புப்பெட்டி வீடுகளுக்கு நடுவால் போய், கோச்சி டச்பாரில் நின்றது. பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள்.

அவள் விரலை எடுக்கவில்லை.

"மாஸ்டர், இனி அந்த டேப்லட் கிடைச்சா?"

"செல்லாது."

"அவர் கொண்டு வந்தா?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவர் கொண்டு வந்தாலும் செல்லாது, தங்கச்சி."

எவ்லின் தலையை ஆட்டினாள். முகத்தைச் சிவப்புப் பட்டியால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "காக்கா, உங்கட ஊருக்கு லைன் கிளியர்."

கோச்சி காத்தான்குடிக்கு வந்து சேர்ந்தது. என் ஸ்டேசனில், என் கடை வாசலில், நத்தார் பாப்பா கூரையில் இருந்தபடி வந்து நின்றார். என் கடைப் பலகையை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

எவ்லின் சாப்பாட்டு மேசைக்குப் போய், கவிழ்த்திருந்த கோப்பையை நிமிர்த்தி, கேக் வெட்டி வைத்துக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"பிரண்டி போடாதது. சாப்பிடுங்க காக்கா. நாளைக்கு அவருக்குப் பூசை குடுக்கப்போறன். நீங்க பின்னுக்கு நிண்டாலும் பறவாயில்ல, வரோணும்."

நான் சாப்பிட்டேன். கோப்பையில் ஒரு துண்டும் மிச்சம் விடவில்லை.