வண்டி வெளியே வரும்வரை

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது.

பெரியவளின் இரண்டு கையும் முடிச்சில் இருந்தன. போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. தலையணை அதிர, அப்பாவின் தலையும் சேர்ந்து லேசாக ஆடியது. ஒரு நொடி பெரியவளும் அம்மாவும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அம்மாதான் கைவிட்டு போனை எடுத்து நீட்டினாள். அழைத்தது கப்பல் மாமா.

கப்பல் மாமா சொந்தக்காரர் இல்லை. துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட். அப்பா வெளிநாட்டிலிருந்து கிடாரும் கீபோர்டும் பியானோவும் வரவழைத்து, ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து கூடவே இருப்பவர். பெரியவளும் சின்னவளும் சிறுசுகளாக இருந்தபோது வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

"அப்பா எங்கம்மா? போனைக் குடு அவர்கிட்ட," என்றார் மாமா. குரலில் அப்படி ஒரு துள்ளல். "கன்டெய்னரை விட்டுட்டாங்க. மத்தியானத்துக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டிடும். என் வாயால நானே சொல்லணும் அவருக்கு."

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சர்டிபிகேட்டை மாலையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்போதுதான் போயிருந்தார்.

அந்தக் கன்டெய்னர் அப்பாவை உருக்கிவிட்டது. முதலில் சுங்கத்தில் கிடாரின் கழுத்துப் பலகை என்ன மரம் என்று கேட்டார்கள். வெட்டக்கூடாத மரமாக இருக்கலாமாம். இல்லை என்று காடு காக்கிற அலுவலகம் எழுதித்தர வேண்டுமாம். அப்பா அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அது முடிந்ததும் கீபோர்டில் பிடித்தார்கள். இது வாத்தியமா, மின்சாமானா? மின்சாமான் என்றால் வரி ஏறிவிடும். வாத்தியம்தான் என்று நிரூபிக்க அப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். "எங்கே, வாசிங்க பார்ப்போம்," என்றாராம் அதிகாரி. ஆயுசு முழுக்க வாத்தியம் விற்ற அப்பாவுக்கு ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

இதற்கிடையில் கன்டெய்னர் வெட்டவெளியில் வெந்துகொண்டிருந்தது. அது நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. உள்ளே இருக்கும் பசை இளகும், மரம் பிளக்கும் என்று அப்பா தூக்கத்தில்கூடப் புலம்பினார்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

இறக்குமதி உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் ஒருவர் பெயரில் மட்டும். உன் பெயரையும் சேர்த்துவிட வேண்டும் என்று பெரியவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், சேர்க்கவில்லை. ஆள் இல்லை என்று தெரிந்தால் கன்டெய்னர் நின்ற இடத்திலேயே நிற்கும். வாரிசுச் சான்று, நீதிமன்றம் என்று மறுபடி முதலிலிருந்து.

"அப்பா தூங்குறாரு மாமா," என்றாள்.

கூடத்திலிருந்து சித்தப்பாவின் குரல் பீறிட்டது. "அண்ணே... என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

மறுமுனையில் கிரேன் உறுமுவது கேட்டது, யாரோ யாரையோ அதட்டுவது கேட்டது. பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"தூங்கட்டும்," என்றார் மாமா கடைசியில். "பாவம், அலைச்சல். யாரும் எழுப்ப வேண்டாம், என்ன? வண்டி வெளிய வந்ததும் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் வீட்டுல எல்லாரும்..." தொண்டையைச் செருமினார். "அதுவரைக்கும் தூங்கட்டும்மா."

பெரியவள் கூடத்துக்கு ஓடினாள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பிடுங்கினாள்.

"யாருக்குச் சொன்னீங்க?"

"இன்னும் யாருக்கும் இல்ல. ஏன்?"

சொன்னாள். சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பொணத்தை உள்ள வச்சுக்கிட்டு வியாபாரமா? நாளைக்கு நாலு பேரு காறித் துப்புவான். நீ அவர் வளர்த்த பொண்ணுதானா?"

"மத்தியானம் வரைக்கும்தான் சித்தப்பா."

"ஒரு நிமிஷம்கூட முடியாது. உங்கம்மா என்ன ஆவா? வாய்விட்டு அழக்கூட விடமாட்டியா அவளை?"

அம்மா அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. ஜன்னலருகே போய்க் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். திரையை இழுத்துவிட்டாள்.

"அந்தப் பெட்டிக்காக அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்ச மனுஷன்," என்றாள். "அது வீதிக்கு வரட்டும். அப்புறம் அழுதுக்கலாம். நீங்க உள்ள வந்து உக்காருங்க. வெளிய சத்தம் கேக்குது."

சித்தப்பா தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தக் காலை நகரவே மாட்டேன் என்றது. பெரியவள் தங்கைக்கு போன் செய்தாள்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. கிளம்பி வா."

"அக்கா, மறைக்காம சொல்லு. இருக்காரா?"

"வா நீ," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அப்பாவின் போனுக்குக் கடைக்காரர்கள் விடாமல் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பிள்ளைகள் கேட்கிறார்கள், உங்களை நம்பி அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். ஒருவர் கோபமே படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "கிடார் கேட்டு வந்த பையன் காத்திருந்து காத்திருந்து கடைசியில பேட் வாங்கிட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டான்மா. இனிமே அவன் என்னைக்குப் பாட்டு கத்துக்கறது? அப்பாகிட்ட சொல்லு."

"இன்னிக்கு வந்துடும் சார்."

"அப்பாவும் தினம் இதைத்தான் சொல்றாரு."

பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். டாக்டர் வந்துபோனதைப் பார்த்திருக்கிறாள். பெரியவள் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். கதவை ஒரு ஆள் அளவுக்குத் திறந்து, அந்த இடைவெளியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு லேசாக் காய்ச்சல். வேற ஒண்ணுமில்ல."

"கஷாயம் ஏதாவது வச்சுத் தரட்டா?"

"வேண்டாம்மா. இப்பதான் கண்ணசந்தாரு."

சிரிக்கக்கூடச் சிரித்தாள். கதவைச் சாத்தியவள் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றாள். பெரியவள் அருகில் போனாள். அம்மா தலையை ஆட்டினாள், வராதே என்பதுபோல.

பெரியவள் அப்பாவின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, வெட்கமில்லாமல் வந்தது. சென்ற வருடமே இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். இந்த ஒரு சரக்கு மட்டும் வந்து இறங்கட்டும், அப்புறம் உன் இஷ்டம் என்றார். ஒவ்வொரு சரக்குக்கும் அதையே சொல்வார். அவருடைய கால்விரல்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இழுத்து மூடினாள். குளிர்ந்திருந்தன.

வெயில் ஜன்னல் இடுக்கு வழியே தரைக்கு வந்தபோது மாமா கூப்பிட்டார்.

"வெளிய வந்துருச்சும்மா. நம்ம கோடவுனுக்குத்தான் போயிட்டிருக்கு. நான் கூடவே போறேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ இனி உன் வேலையைப் பாரு."

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. சித்தப்பாவைப் பார்த்து, "இப்ப அழுங்க," என்றாள். காலையில் ஊரைக் கூட்டப் பார்த்தவர், வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, சத்தமே வராமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வீடு நிறைந்தது. நாற்காலிகள் வந்தன, செருப்புகள் குவிந்தன. பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காய்ச்சல்னுதானே சொன்னீங்க."

"காய்ச்சல்தான்," என்றாள் அம்மா.

சின்னவள் மாலையில் வந்தாள். அப்பாவின் மேல் விழுந்து அழுதாள், பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் இன்னொரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கேட்டிருந்தால் தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கப்பல் மாமா வந்தார். சட்டை முழுக்க வேர்வை, முழங்கையில் சிராய்ப்பு. கூலியாட்களோடு அவரும் சேர்ந்து இறக்கியிருக்க வேண்டும். வாசலில் நின்று, ஊருக்குக் கேட்கிற மாதிரி, "எப்பம்மா?" என்றார்.

"மத்தியானம்," என்றாள் பெரியவள்.

"ம்." அவளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "கிடார் எல்லாம் பழுதில்லாம இருக்கு. பியானோல ஒண்ணு பலகை பிளந்து போச்சு."

"சரி மாமா."

அவர் அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். பிறகு அம்மாவுக்கு அருகில், தரையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பெட்டிக்குள் வாத்தியம் அசையாமல் இருக்க அடைத்து அனுப்புவார்களே, அந்த வெள்ளைத் தெர்மாகோல் துணுக்குகள் அவர் தோளிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.