சட்டைக்கு வைத்த மண்

ஒரகடம் சாலையில் அந்தக் கம்பெனியின் சுவர் ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கி வளைந்திருக்கும். அங்கிருந்த பாம்புப் புற்றை இடிக்க எந்த ஜேசிபிக்காரனும் ஒத்துக்கொள்ளவில்லை. நாக பஞ்சமி காலையில் பென்னலூர்ப் பெண்கள் பாலும் முட்டையுமாக அங்கே கூடியிருந்தார்கள். ஜீவானந்தம் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றான். கையில் ஒரு முட்டை.

"இன்னா தம்பி, பாம்புக்கு ஆம்லெட்டா? இன்னிக்கு அடுப்புல தோசைக்கல்லே வெக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றாள் சந்திரம்மாள். பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

முட்டை ஒரு சாக்கு. அக்கா ரஞ்சனி வருவாள் என்றுதான் வந்திருந்தான். பாலில் குழைத்த புற்றுமண்ணைக் கூடப்பிறந்தவள் தம்பி முதுகில் வைத்தால் பாம்பு தீண்டாது என்பது வழக்கம். வருடம் தவறாமல் வைத்தவள், இரண்டு வருடமாக வைக்கவில்லை. பாம்புக்கு அவன் பயப்படவில்லை. இரண்டு வருடமாக அவனை ஒருவர்கூடத் தொட்டதில்லை.

அதற்கு முன், கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலையை விட்டதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம் சாயங்காலமானால் யூனிபார்ம் போட்டுக் கிளம்பி, குன்றத்தூரில் சிநேகிதன் அறையில் தூங்கிவிட்டுக் காலையில் திரும்பினான். அப்படி ஒரு ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சுவலி. அவன் போன் அணைந்து கிடந்தது. ரஞ்சனி அவன் கம்பெனிக்குப் போன் போட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். காலையில் அவன் டிபன் பாக்ஸோடு வந்தபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தது.

ரஞ்சனி வந்தாள். பால் ஊற்றினாள். மஞ்சள் தூவினாள். பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்துப் புற்றின்முன் விரித்தாள். அவன் வீட்டில் விட்டுப்போன யூனிபார்ம். அதன் முதுகில் மண்ணை வைத்து அட்சதை போட்டாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பழைய மண் கறைகள் இருந்தன.

அவன் பக்கத்தில் போனான். "யக்கா, நான்தான் இங்கயே கீறேனே."

"பாத்தேன். முட்டையும் கையுமா நின்னுகினு இருந்த."

"அப்ப எனக்கே வெய்யி."

அவள் நிமிரவில்லை. "உன் உசுருக்கு வேண்டிக்கினேன். அது அம்மாவுக்காக. உன்னத் தொட எனக்கு மனசு வரல."

"சட்டையாவது குடு."

"அடுத்த வருசத்துக்கு வேணும்."

மண் உதிராமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் முட்டையைப் புற்றின் வாயில் வைத்தான். ஈரமண்ணை விரலில் எடுத்து, தோளுக்கு மேலே கையை வளைத்துப் பார்த்தான். கீழேயிருந்தும் பார்த்தான். நடுமுதுகுக்கு எட்டவில்லை. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.