சாசர் டீ

என் வேலை போகப்போகிறது என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதமாகவே தெரியும். ஷூ மேல்பாகம் தைக்கும் எங்கள் கம்பெனிக்குச் செஞ்சியில் ஒரு யூனிட், அனந்தபுரம் பக்கம் ஒரு யூனிட். இரண்டையும் ஒன்றாக்கப் போகிறார்கள். அதன் பிறகு ஒரே ஒரு எச்.ஆர். போதும், இருப்பதோ இரண்டு பேர். ஒருவர் உத்திராபதி ஆகிய நான், வயது ஐம்பத்திரண்டு, இருபத்துமூன்று வருடம் ஆட்களை எடுத்தும் அனுப்பியும் பழகியவன். இன்னொருத்தி அனந்தபுரம் யூனிட்டில் இருக்கும் தளவானூர்ப் பெண் மோனிகா, வேலைக்கு வந்து மூன்றே வருடம்.

"என்னை உட்டுட்டு அந்தப் பொண்ணை வச்சுக்குவாங்களா? அவ்ளோ முட்டாளுங்களா?" என்று ஜானகியிடம் கேட்டேன். என் மனைவி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பருப்பில் கல்லே கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் இரண்டாவது சனிக்கிழமை கூட்டத்துக்குப் போய் அறிவுரை வழங்கினேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல் மாடியில், சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதா மாதம் கூடுவோம். அனுபவம் உள்ளவர்கள் பேசுவது, புதியவர்கள் கேட்பது என்று ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவனே நான் என்பதால் பெரும்பாலும் நானேதான் பேசுவேன். ஊழியர்களிடம் ஒற்றுமையை வளர்க்க அவர்களை ராஜகிரி மலைக்கு ஏற்றிப்போன கதையைச் சொல்வேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது, நாலு பேர் சேர்ந்து என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஒற்றுமை வளர்ந்ததா இல்லையா என்று கேட்பேன்.

ஆனால் என் பேர்போன அறிவுரை டீதான்.

"ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னா எடுத்ததும் லெட்டரை நீட்டாதீங்க," என்று அன்றும் ஆரம்பித்தேன். "உக்கார வச்சு டீ சொல்லுங்க. பேப்பர் கப்புல இல்ல, பீங்கான் கப்புல, சாசரோட. அதான் மரியாதை. பாதி டீ உள்ள போற வரைக்கும் விஷயத்தைத் தொடாதீங்க. பாதி டீக்கு மேல எந்த மனுஷனுக்கும் கோவம் வராது."

உதாரணத்துக்குத் தொண்டூர் கன்னியப்பன். கட்டிங் பிரிவில் பதினாலு வருடம் வேலை பார்த்தவர். மெஷின் வந்ததும் அந்தப் பிரிவையே மூடினோம். "டீயை ஒரே மடக்குல குடிச்சாரு. 'சொல்லுங்க சார்'னாரு. கையெழுத்துப் போட்டுட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அங்கதான் நான் ஜெயிச்சேன்."

மோனிகா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"சார், பாதி டீகூடக் குடிக்கலைன்னா?"

"என் சர்வீஸ்ல அப்படி ஒருத்தர் இல்லம்மா."

"இன்னொண்ணு சார். உங்க யூனிட்ல 'அவனுக்கு சாசர் வந்துடுச்சு'ன்னா இன்னா அர்த்தம்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"வேலை போச்சுன்னு அர்த்தம் சார். எங்க யூனிட்லயும் அப்டித்தான் பேசிக்கிறாங்க. 'இன்னொரு நாள் லீவு போட்டா சாசர்தான்'னு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. மரியாதை என்று நினைத்து நான் தூக்கிப் பிடித்த சாசரைப் பார்த்து ஊரே நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் முறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள் என்று சமாளித்து உட்கார்ந்தேன். காது மட்டும் சுட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலை சென்னையிலிருந்து முதலாளி போன் செய்தார். "மோனிகா வருவாங்க. அவங்ககூட கொஞ்சம் பேசிடுங்க," என்றார். என்ன விஷயம் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

பதினொரு மணிக்கு ஒரு ஃபைலோடு வந்தாள். என் அறைதான், என் மேஜைதான். "எங்க சார் உக்காரட்டும்?" என்று தயங்கினாள். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் இத்தனை வருடம் நான் மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

கேன்டீன் ராஜாம்பாள் தட்டோடு வந்தாள். மோனிகாவுக்குப் பேப்பர் கப். எனக்குச் சாசர்.

"எனக்கு எப்பவும் பேப்பர் கப்புதானே, ராஜாம்பா?"

"அந்தம்மாதான் சாசரோட கேட்டாங்க சார்," என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் என்னவென்று புரிந்துவிட்டது. ஆனால் மூளை வேலை செய்தது. பாதி டீ உள்ளே போகும் வரை அவள் விஷயத்தைத் தொட முடியாது. சட்டம் நான் போட்டது. ஆகவே குடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். தளவானூரில் மழை உண்டா என்று கேட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். டீயில் ஆடை படிந்தது. இந்தக் கோப்பை நிறைந்திருக்கும் வரை நான் வேலையில் இருக்கிறேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"சார், டீ ஆறிடுச்சு. வேற சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். ஃபைலின் ஓரம் அவள் கைவியர்வையில் நனைந்திருந்தது. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வந்திருக்கிறாள், உதடு ஓசையில்லாமல் அசைந்தபடி இருந்தது. அவளுடைய டீயையும் அவள் தொடவில்லை.

கன்னியப்பன் கதையில் நான் எங்கேயும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அன்றைக்கு நான் மேஜையெல்லாம் டீயைச் சிந்தினேன். விஷயத்தை விட்டுத் தொண்டூர் மழையைப் பற்றியே உளறினேன். அவர் என்னைப் பார்த்தார். என் உள்ளங்கைக்கு அடியில் கசங்கிக் கிடந்த லெட்டரைப் பார்த்தார். பிறகுதான் கோப்பையை எடுத்தார். ஆவி பறக்கும் டீ. வாய் வெந்துபோயிருக்கும். வேலையை இழக்கப்போகிறவர் என் மேல் இரக்கப்பட்டுக் குடித்த டீயை என் வெற்றி என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கோப்பையை எடுத்து, ஆடையோடு சேர்த்து, ஒரே மடக்கில் குடித்தேன். சாசரில் வைத்தேன்.

"சொல்லும்மா," என்றேன்.