முயல் நாலாவது, மைனா முதலாவது

2018இல் வனத்துறையினர் ரப்பர் தோட்டத்தில் பிடித்தபோது சுயம்புராஜின் கையில் செத்த முயல் இருந்தது. நெற்றியில் விளக்கு இருந்தது. விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிற எல்லார் நெற்றியிலும் அது இருக்கும். விளக்குக் கட்டி வேட்டையாடினான் என்று எழுதிக்கொண்டார்கள்.

கண்ணி வைக்கச் சொன்னவர் தோட்ட முதலாளி இஸ்ரவேல். புதுக் கன்றுகளின் பட்டையை முயல் கடிக்கிறது என்று கம்பியையும் அவரே கொடுத்திருந்தார்.

சுயம்புராஜின் அக்கா ஜிஷா பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. திருவட்டாற்றில் இஸ்ரவேலின் வீட்டுக்குப் போனாள். முன்வாசலில் ஒரு கூண்டு தொங்கியது. கறுப்புப் பறவை, ஆரஞ்சு அலகு, பிடரியில் மஞ்சள் தோல். மலை மைனா.

"சாயா குடிச்சியா?" என்றது அது.

ஜிஷா இஸ்ரவேலிடம் சொன்னாள். "நீங்க சொல்லித்தான் வச்சான்னு பாரஸ்ட் ஆபீசில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"கண்ணி வைக்கத்தான் சொன்னேன் பிள்ளே. கொல்லச் சொன்னனா?"

"பின்ன என்னத்துக்குக் கண்ணி? முயலுக்கு மாலை போடவா?"

அவர் சிரித்தார். "டீச்சருக்கு வாய் கூடுதல். சட்டம்னு ஒண்ணு உண்டுல்லா. வாயில்லா ஜீவன் பாரு."

"அந்த வனவிலங்குச் சட்டத்தைத்தான் நான் பிள்ளையளுக்கு நடத்தியேன். முயல் பாலூட்டி. நாலாவது அட்டவணை. அபராதத்தோட தீரும். இது பறவை. முதல் அட்டவணை. புலி இருக்கப்பட்ட அதே அட்டவணை."

"குருவிக்கும் புலிக்கும் ஒரே சட்டமா?"

"அழியப்போற இனங்களைச் சொல்லுற உலகப் பட்டியல்ல முயலும் மைனாவும் ஆபத்தில்லாத இனம்தான். இங்க அப்படி இல்ல. கூட்டில வச்சிருந்தா குறைஞ்சது மூணு வருசம் உள்ள கிடக்கணும்."

இஸ்ரவேல் கூண்டைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"நான் வந்து சொல்லியேன். நீ இங்க ஒண்ணும் பாக்கல்ல."

மைனா கம்பியில் அலகைத் தேய்த்தது. ஜிஷா அதைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

"காரை எடுங்க" என்றாள்.

சாயங்காலம் சுயம்புராஜை அபராதத்தோடு விட்டார்கள். அக்காவும் தம்பியும் பேருந்துக்காக நின்றார்கள். இஸ்ரவேலின் கார் அவர்களைக் கடந்து போனது. சுயம்புராஜ் கைகூப்பினான்.

"தங்கமான மனுசன்க்கா. எனக்காக வந்து சொன்னாருல்லா."

"கையைக் கீழ போடுலே" என்றாள் ஜிஷா.