புங்கம்பூவும் கல்யாணக் கலரும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிரிஸ்கில்லாவின் ஸ்டுடியோவில் இதுவரை கறுப்பாக ஒருவர்கூடப் படம் எடுத்துக்கொண்டது கிடையாது. உள்ளே வரும்போது பாதிப் பேர் கறுப்புதான். வயலிலும் வெயிலிலும் கிடக்கிற உடம்பு வேறெப்படி இருக்கும்? வெளியே போகிற படத்தில்தான் எல்லாரும் சீமையில் பிறந்தவர்கள். அதற்கென்று தன் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், முகம் வெளுத்துவிடும். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம், நெற்றிச் சுருக்கம், கன்னத்துத் தழும்பு எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதற்குக் கல்யாணக் கலர் என்று பேரும் வைத்திருந்தாள். பேர் வைத்த புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது சிரிக்கத் தெம்பில்லை.

அவளும் கறுப்புதான். கடை வாசலில் தொங்குகிற ஃப்ளெக்ஸில் இருக்கும் பிரிஸ்கில்லாவைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும் பிரிஸ்கில்லாவிடமே ஓனரம்மா எங்கே என்று கேட்டதுண்டு.

வேலையில் ஒரு பாதி இப்படி வெளுப்பது. மறுபாதி, செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடுவது. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கலர், போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கறுப்பு வெள்ளை என்பது அவள் கடையில் எழுதாத சட்டம். ஊரும் அதற்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் சுவரில் கறுப்பு வெள்ளை முகத்தைக் கண்டால் பேரைப் படிக்காமலே உச்சுக் கொட்டுவார்கள். காலையில் ஒரு கல்யாண முகம், மத்தியானம் ஒரு சாவு முகம் என்று பார்த்துப் பார்த்து பிரிஸ்கில்லாவுக்கு மனித முகம் என்றாலே கண் எரிந்தது.

அதனால்தான் பங்குனி பிறந்ததும் கடை திறப்பதற்கு முன்னால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். கரை ஓரத்துப் புங்கமரங்கள் அப்போதுதான் துளிர்விட்டுப் பூத்திருக்கும். தரையெல்லாம் பொரியை இறைத்துவிட்டாற்போல் பூ கொட்டிக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் மரத்துக்கு இந்தப் பக்கமாக நின்றுகொண்டு, சூரியனுக்கு எதிராகவே கேமராவைப் பிடிப்பாள். தொழிலில் யாரும் செய்யத் துணியாத காரியம் அது. எதிர்வெளிச்சத்தில் மனிதர்களை எடுத்தால் முகம் கறுத்துவிடும், எடுத்தவளை வாடிக்கைக்காரர்கள் வைது தீர்த்துவிடுவார்கள். பூவுக்கு அந்தக் கவலை கிடையாது. பின்னாலிருந்து வெயில் விழுந்தால் இதழ் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் விளக்கேற்றினாற்போல் ஆகிவிடும். ஒரே கொத்தை முதலில் கலரில் எடுப்பாள். பிறகு கறுப்பு வெள்ளையில் எடுப்பாள். கலரில் துளிரின் பச்சை கண்ணைப் பறித்துக்கொண்டு போய்விடும், பூ அதில் காணாமல் போகும். கறுப்பு வெள்ளையில் பச்சை அடங்கி, இதழின் நரம்பு, காம்பின் வளைவு, ஒட்டிக்கொண்டிருக்கிற எறும்பு எல்லாம் வெளியே வரும். எது நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே முடிவாகத் தெரியாது. யாருக்கும் காட்டவும் மாட்டாள். அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைக்கு அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்.

அப்படி ஏரிக்கரையிலிருந்து வந்து கடையைத் திறந்த ஒரு நாள்தான் ராணியம்மாள் தன் மகள் சுதாவை இழுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கிராமத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். சுதா பி.காம். முடித்துவிட்டு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதப் போகிறாள். கல்யாணத்துக்குப் பார்க்கத் தொடங்கி வருஷங்கள் ஓடிவிட்டன. சுதாவின் படத்தை ஒவ்வொரு தடவையும் வெளுத்துக் கொடுத்தது பிரிஸ்கில்லாதான்.

நடந்தது இதுதான். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். சுதா காபித் தட்டோடு வந்து நிற்பாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போட்டோவில் வேறு மாதிரி இருந்ததே என்று போகிற வழியில் புரோக்கரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்ட ராணியம்மாள், போட்டோ சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவாள். நேரே ஸ்டுடியோவுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் வெளுப்பாகப் போடச் சொல்லுவாள். அடுத்த இடத்துக்கு அந்தப் படம் போகும். அவர்கள் வந்து முன்னவர்களைவிட அதிகமாகத் திடுக்கிடுவார்கள். ராணியம்மாள் திரும்ப வந்து, இன்னும் கொஞ்சம் என்பாள். படம் வெளுக்க வெளுக்கப் பெண் கறுத்துக்கொண்டே போனாள். இந்தக் கணக்கு பிரிஸ்கில்லாவுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. ஆனால் கேட்டதைச் செய்து கொடுத்தால்தான் கடை ஓடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஓரிக்கையிலிருந்து ஓர் இடம் வந்திருந்தது. பையன் பேர் வசந்த்குமார், கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. புரோக்கர் அம்முலுவின் போனுக்குப் படம் போயாக வேண்டும். இந்தத் தடவை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ராணியம்மாள் தையல் கடைக்குப் போனாள்.

சுதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் காலையில் எடுத்த புங்கம்பூ திறந்தபடி இருந்தது, கலரும் கறுப்பு வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மாதிரி என்னயும் எடுப்பீங்களாக்கா?"

"வெளிச்சம் பின்னாலேருந்து வந்தா மூஞ்சி கருத்துடும்மா."

"நான் கருப்புதானக்கா."

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். பிரிஸ்கில்லாவுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை மில் பஸ்ஸுக்கு முன்னால் ஏரிக்கரைக்கு வரச் சொன்னாள்.

சுதா புடவை கட்டிக்கொண்டு வரவில்லை. வேலைக்குப் போகிற சுடிதாரும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக வந்து, சொன்ன இடத்தில் மரத்தடியில் நின்றாள். சிரி என்று பிரிஸ்கில்லா சொல்லவில்லை. பெண் பார்க்கிற கூட்டத்துக்கு முன்னால் சிரித்துச் சிரித்து அவளுக்குத் தாடை வலித்துப் போயிருக்கும் என்று தெரியும். சூரியன் அவள் தலைக்குப் பின்னால் வந்தது. கலைந்த முடியெல்லாம் பொன்னாகிவிட்டது. மேலே பூங்கொத்துகள் தீப்பற்றினாற்போல் நின்றன. நடுவில் அவள் முகம் கறுப்பாக, தெளிவாக, யாருக்காகவும் எதையும் செய்யாமல் இருந்தது. அப்போது அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டாவி முடிந்து அவள் கண்ணில் நீர் கோத்த நேரத்தில் பிரிஸ்கில்லா கலரில் ஒன்றும் கறுப்பு வெள்ளையில் ஒன்றும் எடுத்தாள். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் தான் எடுத்த நல்ல படம் இதுதான் என்று.

பார்த்துவிட்டு, அம்முலுவுக்கு இதையே அனுப்பச் சொன்னாள் சுதா. பிரிஸ்கில்லா தயங்கினாள். ராணியம்மாள் கடையேறி வந்து நாறடித்துவிடுவாள் என்று சொல்லிப் பார்த்தாள்.

"வர்றவங்க என்ன பாத்துட்டு மூஞ்ச சுளிக்கறாங்களே, அத்த எதுர்ல நின்னு நான்தானக்கா பாக்கணும். என்னால முடியல. வராதவங்க வராமலே போவட்டும்."

பஸ் வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பிரிஸ்கில்லா கடைக்கு வந்து, போனால் போகட்டும் என்று அம்முலுவுக்குப் படத்தை அனுப்பினாள். அப்போது பார்த்து ஒரு சாவு போஸ்டருக்கு ஆட்கள் வந்து அவசரப்படுத்தினார்கள். கலர் ஒன்று மட்டும் போதும் என்று நினைக்க அவளுக்கு நேரமில்லை. இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிட்டாள். ஊருக்குச் சட்டம் போட்டவளே அதை மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராணியம்மாள் கேசரிக்கு நெய்யை உருக்கிக்கொண்டிருந்தபோது அம்முலுவிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னாளாம். கலரில் இருப்பது பெண், சரி. கறுப்பு வெள்ளையில் அதே ஜாடையில் ஒருத்தி இருக்கிறாளே, அவள் செத்துப்போன அக்காவா? எப்படிச் செத்தாள்? முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை? ராணியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பது ஒரே பெண், அவள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். சற்று நேரத்தில் மறுபடியும் போன் வந்தது. இரண்டும் ஒரே பெண்தான் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டதாம். பெண் கொஞ்சம் நிறம் மட்டாகத் தெரிகிறாள், வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

இதெல்லாம் சாயங்காலம் சுதா போனில் சொல்லித்தான் பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். அழுகிறாயா என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"இல்லக்கா. தூங்கி எழுந்தேன். கேசரி பூரா நானே துன்னுட்டேன்."

மறுநாள் ராணியம்மாள் எதிர்பார்த்தபடியே கடையேறி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உசுரோட கீற பொண்ண எயவு போட்டோ எடுத்து அனுப்பிக்கிறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா? எங்க அது, காட்டு. இன்னா பண்ணி வெச்சிக்கினு கீறன்னு நானும் பாக்கறேன்."

அப்போதுதான் பிரிஸ்கில்லாவுக்கு உறைத்தது, இவள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை என்று. கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறந்தாள். திட்டு வாங்கித் தொலைத்தால் வேலையைப் பார்க்கலாம் என்றிருந்தது.

ராணியம்மாள் குனிந்து பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தினமும் வீட்டில் பார்க்கிற முகம்தான். ஆனால் வீட்டில் அவளை நிறம், நகை, புடவை என்று பார்த்தார்களே தவிர முகத்தை யார் பார்த்தார்கள்? போட்டோ என்று வந்ததெல்லாம் பிரிஸ்கில்லா துடைத்துக் கொடுத்த முகம். துடைக்காத இந்த முகத்தில் கண்ணுக்குக் கீழே இருட்டு கட்டியிருந்தது. உதடு ஓரத்தில் கோடு விழுந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது. தலைக்கு மேலே அவ்வளவு பூவும் வெளிச்சமும் இருக்க, அடியில் நிற்கிற பெண் எங்கேயாவது உட்கார இடம் கிடைக்குமா என்று தேடுகிறவளைப்போல் இருந்தாள்.

சுதா உட்கார்ந்த அதே ஸ்டூலில் ராணியம்மாளும் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"எப்பலேருந்து இவ இப்டி சோந்து போயி கீறா?"

பிரிஸ்கில்லாவுக்கு அது தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சோர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தவள் அவள்தானே. ரொம்ப நாளாகவே அப்படித்தான் என்று மட்டும் சொன்னாள்.

ராணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் செங்கல்பட்டிலிருந்து ஓர் இடம் வருவதாக இருந்தது, இப்போதைக்கு வேண்டாமென்று அம்முலுவிடம் சொல்லிவிடப் போவதாக யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டரைக் கைகாட்டினாள்.

"வூட்ல மாட்டணும். பெருசா போட்டுக் குடு. ஆனா இது வாணாம், கலர்ல போடு. எம்பொண்ணு உசுரோட கீறா."

பிரிஸ்கில்லா கலர் படத்தைத் திறந்தாள். பழக்க தோஷம், கை தானாகக் கல்யாணக் கலருக்குப் போய்விட்டது. ராணியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிஸ்கில்லா மறு கையால் அப்படியே அச்சுக்குக் கொடுத்த படம் முழுதும் வெளியே வந்து சேரும்வரை பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.