புதையும் வீட்டின் பொதுப்போக்கு

என் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அரை வார்த்தைகூட இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எங்கள் வீடு புதைய ஆரம்பித்தது ஒரு காலையில். பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழக்கமாகப் படியேறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அன்று படியே ஏறாமல் வீட்டுக்குள் நின்றேன். தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாய் உடைந்து மண்ணை அரித்திருந்தது. குழாய் நீர் வாரியத்துடையது. அதற்கு மேலே கிடக்கும் தார், சாலைத் துறையுடையது.

முன்பு இந்த இரண்டு அலுவலகங்களும் ஜென்மப் பகையாளிகள். ஒருவர் தோண்டுவார், ஒருவர் மூடுவார், இடையில் எப்படியோ வேலை நடந்துவிடும். எங்கள் கெட்ட நேரம், சமாதானமாகி ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு பிரிவு: மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து ‘உத்திசார் பகுப்பாய்வு’ செய்ய வேண்டும். அதாவது தனிக் குழாயையோ தனி ஆளையோ பார்க்கக் கூடாது. மொத்தமாக நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்கிற போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

நீர் வாரியத்தில் அதை எழுதுகிற அதிகாரி வேறு யாருமில்லை, என் மைத்துனன். என் மனைவியோடு கூடப் பிறந்த தம்பி. ஓடிப்போய் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“டேய் மச்சான், உங்கக்கா உள்ள இருக்காடா!”

“தெரியும் மாமா. ஆனா எழுத முடியாது. பேரு, முகவரி, உறவு எதுவும் பகுப்பாய்வுல வரக் கூடாது.”

“பேரு வேணாம். ஒரு வீடு புதையுதுன்னு எழுது.”

“ஒரு வீடுன்னா அது சம்பவம் மாமா. போக்கு கிடையாது. சாலைத் துறைக்காரங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அவங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் தோண்டிடறேன்.”

“கொஞ்சம் பொறுங்க. அக்காவ மட்டும் வெளிய கூப்பிட்டுடாதீங்க. ஆளில்லாத கட்டடம்னா அது வேற துறை. அவங்களோட எங்களுக்கு ஒப்பந்தமே இல்ல. அப்புறம் இடிக்க வந்துடுவாங்க.”

திரும்பி வந்தபோது ஜன்னல் தெருவின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. மண்டியிட்டுத்தான் அவளோடு பேச முடிந்தது.

“வெளிய வந்துடுடி. வீடு போனா போகட்டும்.”

“நல்லா இருக்குங்க நீங்க சொல்றது. நீங்களும் நானும் செங்கல் சுமந்து கட்டினது. நான் வெளிய வந்து, இத இடிக்கிறதப் பார்க்கணுமா? நீங்க போய் அந்தப் போக்கப் புடிச்சுட்டு வாங்க.”

மைத்துனன் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தான். கூடம், சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் தனித்தனி அமைப்புகள், எல்லாமே புதைகின்றன, ஆகவே போக்கு! அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவனுக்குக் கை கொடுத்ததோடு சரி.

இரண்டு அலுவலகங்களின் கூட்டுக் கூட்டம் கூடியது. நானும் நுழைந்து ஓரமாக நின்றுகொண்டேன். சாலைத் துறையின் பொறியாளருக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரான ‘ரசமட்டம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்பதால். வரைபடத்தில் கீழ்நோக்கிப் போன கோட்டை அவர் ஆசையோடு தடவிப் பார்த்தார்.

“என்ன ஒரு சுத்தமான கோடு! ஒரு இடத்துலகூட நடுக்கம் இல்ல.”

அப்போது என் கைப்பேசி அடித்தது. “சமையலறை ஜன்னல் இருட்டிடுச்சுங்க,” என்றாள் மனைவி. “விளக்கப் போட்டுக்கிட்டேன். சாப்பிட்டீங்களா?”

நான் ரசமட்டத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். “ஐயா, ஒரே ஒரு குழி. நானே தோண்டறேன். கையால தோண்டறேன்.”

“எழுந்திருங்க பெரியவரே. இங்க தனிநபர் பிரச்சினை பேசக் கூடாது.”

முடிவை மைத்துனன்தான் வாசிக்க வேண்டியிருந்தது. இதே வேகத்தில் போனால் இன்று சாயங்காலத்துக்குள் மொட்டைமாடி தெருவின் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு புதைவதற்கு வெளியே எதுவும் இருக்காது. எனவே இந்தப் போக்கு தானாகவே நின்றுவிடும். தோண்டத் தேவையில்லை. மேலே தார் போட்டுக் கண்காணித்தால் போதும்.

எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மைத்துனன் கையெழுத்துப் போடும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்துவிட்டது. கண்ணீரும் தனிநபர் தகவல்தான் என்று சொல்லி ரசமட்டம் வேறு தாள் எடுக்கச் சொன்னார்.

நான் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதற்கு நான் அங்கேயே செத்திருக்க வேண்டும். தெருவில் எங்கள் வீடு இல்லை. மொட்டைமாடி மட்டும் கிடந்தது. தெருக்கோடியிலிருந்து சாலை உருளை புகைந்துகொண்டு வந்தது. மாடிக் கதவைத் திறந்து உள்ளே இறங்கினேன்.

“நீங்க எதுக்குங்க வந்தீங்க?” என்று கத்தினாள். அவ்வளவு நாளும் கத்தாதவள்.

“மேல எனக்கு யாரு இருக்கா?”

 செருப்பை வெளியே விட்டு வரச் சொன்னாள். எந்த வெளியே என்று நான் கேட்கவில்லை.

தலைக்கு மேலே தார் போட்டுவிட்டார்கள். இப்போது பேருந்து போகிறது. போகும்போதெல்லாம் கூரையிலிருந்து தூசி உதிர்ந்து தட்டில் விழுகிறது. மாதம் ஒருமுறை மைத்துனன் கம்பியோடு வந்து சாலையைத் தட்டுவான். கண்காணிப்பு. நான் நாற்காலியில் ஏறி நின்று கரண்டியால் கூரையில் பதில் தட்டுவேன். ‘நிலைமை சீராக உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவான்.

“தம்பி இளைச்சிட்டான் போல,” என்பாள் அவள், தட்டும் சத்தத்தை வைத்து. “சரி, நீங்க இறங்கி வந்து சாப்பிடுங்க. ஆறிடப் போகுது.”

மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன் அல்லவா? எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.