ராஹிமோ முன்னால் நடந்த நாள்

என் மனைவி ராஹிமோ பதினாலு வருடம் செப்தா எல்லையில் மூட்டை சுமந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின் கடைகள், இந்தப் பக்கம் எங்கள் மொராக்கோ. போர்வையோ டயரோ பழந்துணியோ, அறுபது கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு கம்பிக் கூண்டு வழியாக வருவாள். பிறகு அந்த வழியை மூடிவிட்டார்கள். தேய்ந்த முதுகெலும்போடு வீட்டில் உட்கார்ந்தாள்.

நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். முதல் நாள் தெத்துவான், மறுநாள் ஷஃப்ஷாவன், மூன்றாம் நாள் மலை. மலைக்கு வழிகாட்டியவன் கல்யாணம் கட்டிக்கொண்டு பெல்ஜியம் போய்விட்டான். ராஹிமோ அந்த மலையில் பிறந்தவள் என்று முதலாளியம்மா லல்லா ஸுஹூரிடம் சொன்னேன். முதுகைப் பற்றிச் சொல்லவில்லை. "ஒரு நடை கூட வந்து பார்க்கிறேன், அல்லால். சரியாக இருந்தால் பருவம் முழுக்க அவளே போகட்டும்" என்றார்.

பயணிகள் ஆறு பேர், எல்லோரும் ஸ்பெயின்காரர்கள். தெத்துவான் பழைய நகரத்தில் ராஹிமோவும் அவர்களோடு சுற்றினாள். யூதர் தெருவில் திடீரென்று நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தத் தெருவுல எத்தனை சுமை கொண்டுபோயிருக்கேன். மேல இப்படி ஜன்னல் இருக்குன்னு இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

"அப்ப என்னத்தப் பாத்த?"

"முன்னால போறவ குதிகால."

மூன்றாம் நாள் காலை ஆற்றோரப் பாதையில் ஏறினோம். குஞ்சம் வைத்த ஓலைத்தொப்பியும் சிவப்புக் கோடு போட்ட இடுப்புத்துணியுமாக அவள் முன்னால் போனாள். பத்து நிமிடத்தில் ஆளைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால், தலையைக் கவிழ்த்து, இல்லாத கயிற்றைத் தோளருகே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள்.

"ஏ ராஹிமோ! நில்லுடி!"

"நின்னா பின்னால வர்றவ முந்திருவா."

"பின்னால வர்றது விருந்தாளிங்க. முந்தினா முந்தட்டுமே!"

நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். தப்பைச் சரிசெய்ய, தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் அவர்களை அழைத்தாள். "வரிசை! வரிசையில நில்லு! ஓரமா போ! சீக்கிரம்!" இரண்டு பேர் பயந்துபோய்ப் பாறையோடு ஒட்டி நின்றார்கள்.

லல்லா ஸுஹூரின் முகம் சுருங்கியது. "அக்கா, யாரு சொல்லிக் குடுத்த பாஷை இது?"

"எல்லையில நின்ன காவக்காரன்தான். வேற எவன் எங்கிட்டப் பேசினான்?"

லல்லா பாறையோடு ஒட்டி நின்றவர்களைக் கைபிடித்துப் பாதைக்குக் கொண்டுவந்தார். வேலை கை நழுவுகிறது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும், அதன்பின் அடிக்கொரு தடவை திரும்பிப் பார்த்தபடியே நடந்தாள்.

ஆற்றுக்கு மேலே பாதை ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகும் இடத்தில் எங்கார்னா என்ற அம்மா உட்கார்ந்துவிட்டார். எழுபது வயது, கணவரை இழந்தவர். மற்ற ஐந்து பேரும் கடந்துவிட்டார்கள். இவர் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்துவிட்டார். முன்னாலும் வரமாட்டேன் பின்னாலும் போகமாட்டேன் என்றார். கீழே போய்க் கோவேறு கழுதை கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும்.

ராஹிமோ இடுப்புத்துணியை அவிழ்த்தாள். அவர் முன்னால் குனிந்து முதுகைக் காட்டினாள்.

"ஏறச் சொல்லுய்யா. பாத்தாலே தெரியுது, ஐம்பது கிலோ தேறாது."

"என்ன சொல்றாங்க?" என்று எங்கார்னா என்னைக் கேட்டார்.

லல்லா பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிக் கடந்துவிட்டால் வேலை இவளுக்குத்தான். ஆனால் அந்த முதுகுக்கு இரவெல்லாம் எண்ணெய் தேய்த்தவன் நான்.

"தூக்கிட்டுப் போறேன்னு சொல்றா, அம்மா. முதுகெலும்பு தேஞ்சுபோச்சு, எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அப்பவும் தூக்குவா."

முதுகு, டாக்டர் என்ற அளவுக்கு அவளுக்கும் ஸ்பானிஷ் தெரியும். நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும்.

எங்கார்னா தலையை ஆட்டினார். அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ராஹிமோ பள்ளத்தின் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள், அவர் கண்ணுக்குப் பள்ளம் தெரியாதபடி. பையிலிருந்து அத்திப்பழம் எடுத்துக் கொடுத்தாள். இருவரும் மென்றார்கள். அரைமணி நேரம் அப்படியே போயிற்று. அவள் வேலை நேரத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மெதுவான்னு அவங்க பாஷைல எப்படி?"

"தெஸ்பாசியோ."

இடுப்புத்துணியின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மறுமுனையை எங்கார்னா கையில் கொடுத்தாள். பள்ளத்தோரமாகத் தான் நின்றுகொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். இரண்டு அடி, நிற்பாள். தெஸ்பாசியோ. இன்னும் இரண்டு அடி. மூச்சு வாங்கட்டும் என்று காத்திருப்பாள். நாற்பது அடிப் பாதையைக் கடக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

மாலை வேனில் ஏறும்போது லல்லா ஸுஹூர் என்னை நிறுத்தினார். "முதுகு விஷயத்தை எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், அல்லால்."

"சொல்லியிருந்தா இந்த ஒரு நாளும் கிடைச்சிருக்காது, லல்லா."

அவர் ராஹிமோவிடம் திரும்பினார். "வியாழக்கிழமை எட்டு பேர், எல்லாரும் கிழங்க. கடைசில வர்றவங்களோட நடக்கணும் அக்கா. கூட ஒரு கழுதை வரும். யாரையாவது தூக்கினீங்கன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கோட சரி."

வண்டி மலையிறங்கத் தொடங்கியதும் அவள் ஆரம்பித்தாள்.

"ஊர் முன்னால என் முதுகப் பத்திப் பேசிட்டல்ல?"

"பேசினேன்."

"இன்னொரு தடவ பேசு, தூக்கி ஆத்துல போடுறேன்."

"அதுக்கும்தான் லல்லா தடை போட்டுட்டாங்களே."

சிரிப்பை மறைக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கியர் மேலிருந்த என் கைமேல் அவள் கை வந்து உட்கார்ந்தது. வண்டி முனகியது. அடுத்த மூன்று வளைவையும் கியர் மாற்றாமலே ஓட்டினேன்.